கையெழுத்துப் போட்டாச்சு, இனி பனியன் தொழிலையே விட வேண்டுமா?

கேள்வி:

எனக்கு வயது 31. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 7 வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வெளியூர் பையர்களின் (வாங்குகிற நிறுவனங்களின்) ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். 11,000 ரூபாய்க்கு உதவியாளராகச் சேர்ந்தேன், இப்போது 42,000. இரண்டு வருடம் முன்பு இன்கிரிமென்ட் லெட்டர் கொடுத்தபோது கூடவே ஒரு பத்திரத் தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். வேலையை விட்டபின் 2 வருடத்துக்குத் திருப்பூரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் எந்த கார்மென்ட்ஸ் கம்பெனியிலும் பையிங் ஆபீஸிலும் சேரக்கூடாது, மீறினால் 3 லட்சம் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்று செக்குகளும் என் டிகிரி ஒரிஜினலும் அவர்களிடம் உள்ளன. இப்போது வேறு கம்பெனியில் 60,000 தருகிறேன் என்கிறார்கள். எங்கள் எச்.ஆர்., "போனால் கோர்ட்டில் ஸ்டே வாங்குவோம், இந்த ஊரில் எங்கேயும் உட்கார முடியாது" என்கிறார். போன வருடம் பையரைப் பார்க்க ஜெர்மனிக்குக் கூட்டிப்போன செலவையும் கேட்பார்களாம். பையர்களின் நம்பரும் வாட்ஸ்ஆப் குரூப்பும் என் சொந்த போனில்தான் இருக்கின்றன. பழைய காஸ்டிங் ஷீட்டுகளை (ஒரு ஆர்டருக்கு என்ன செலவு, என்ன விலை என்ற கணக்கை), பின்னால் உதவும் என்று என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். புது கம்பெனி, நோட்டீஸ் காலத்திலேயே ஒரு ஆர்டருக்குக் காஸ்டிங் போட்டுத் தரச் சொல்கிறது. என் கணவர், "கையெழுத்துப் போட்டாச்சு, வம்பு எதற்கு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

சேரலாம், சகோதரி. புது வேலையில் தாராளமாகச் சேரலாம். உங்களைப் பயமுறுத்துகிற அந்த 2 வருடத் தடை கோர்ட்டில் நிற்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தவை வேறு மூன்று: அந்த வெற்று செக்குகள், ஜிமெயிலுக்குப் போன ஷீட்டுகள், நோட்டீஸ் காலத்தில் புது கம்பெனிக்குப் போடச் சொல்லும் காஸ்டிங். பத்திரத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, இந்த மூன்றையும் போகிற போக்கில் ஒவ்வொரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள்.

பத்திரத்தை முதலில் முடித்துவிடலாம். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆவது பிரிவு. மொத்தமே சில வரிதான். சட்டம் அனுமதிக்கிற தொழிலையோ வியாபாரத்தையோ வேலையையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது. கடையைப் பேரோடும் வாடிக்கையோடும் விற்றவர், வாங்கினவருக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் கடை போட மாட்டேன் என்று நியாயமான அளவுக்குள் எழுதிக் கொடுத்தால் அது செல்லும். தொழிலில் கூட்டுச் சேர்ந்தவர்களுக்கும் தனி விதி உண்டு. நீங்கள் கடையும் விற்கவில்லை, கூட்டும் சேரவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தீர்கள்.

அந்தச் சட்டம் வந்த இரண்டாவது வருடமே, 1874இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. ஒரே பகுதியில் போட்டிக் கடை வைத்திருந்த இரண்டு பேர். போட்டி தாங்காதவர் மற்றவரிடம், "நீ இங்கே கடையைச் சாத்திவிடு, உன் ஆட்களுக்கு நீ கொடுத்திருக்கிற முன்பணம் 900 ரூபாயை நான் தந்துவிடுகிறேன்" என்றார். அவரும் சாத்திவிட்டார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டவர் தோற்றார். அந்தப் பகுதிக்கு மட்டும்தான் என்றாலும் தடை தடைதான், ஒப்பந்தமே செல்லாது என்றது நீதிமன்றம். கடையைச் சாத்தியவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தோற்ற வழக்கு இன்றைக்கு உங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கிறது. இங்கிலாந்தில் இப்படி ஒரு தடை வந்தால், காலம் நியாயமா, தூரம் நியாயமா என்று அளந்து பார்ப்பார்கள். நம் ஊரில், வேலையை விட்ட பிறகும் தொடரும் தடைக்கு அந்த அளவுகோலே கிடையாது. "2 வருடம்தானே, 100 கிலோமீட்டர்தானே" என்று உங்கள் எச்.ஆர். சொன்னால், ஒரு நாள் என்றாலும் பதில் அதேதான்.

அந்த 100 கிலோமீட்டரை மேப்பில் வைத்துப் பார்த்தேன். கோவை, ஈரோடு, கரூர் மூன்றும் உள்ளே வந்துவிடுகின்றன. சேலம் மயிரிழையில் தப்புகிறது. பனியனும் பெட்ஷீட்டும் நூலும் தவிர வேறு பேச்சில்லாத வட்டாரம் இது. இங்கே கார்மென்ட்ஸில் சேராதே என்பதும் ஊரைக் காலி செய் என்பதும் ஒன்றுதான். எழுதினவருக்கும் அது தெரியும்.

1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலும் தடை இதே 2 வருடம்தான். டெல்லியில் கிளை மேலாளராக இருந்தவரை நிறுவனம் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. அவர் அதே தொழிலைத் தனியாகத் தொடங்கினார். நிறுவனம் தடை கேட்டது, கிடைக்கவில்லை. இரண்டு நீதிபதிகள், "வேலையை விட்டால்" என்றுதானே எழுதியிருக்கிறது, அவர் விடவில்லை, அனுப்பப்பட்டார் என்று அந்த ஒரு வார்த்தையிலேயே வழக்கை முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது நீதிபதி ஏ.பி. சென் 27ஆவது பிரிவையே எடுத்து, வேலை முடிந்த பிறகான தடை செல்லாது என்று விரிவாக எழுதினார். 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு. அவருடைய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், வேறு யாரிடமாவது போவதென்றால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்ற ஷரத்தைக் காட்டியது. அதுவும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய 500 ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்கத்தான் செய்கிறது. அதைக் கொண்டுபோய் ஒரு டீ வாங்க முடியுமா?

தடையே செல்லாது என்றால், அதை மீறியதற்கான 3 லட்சமும் அதோடு போச்சு. செல்லுபடியாகும் ஒப்பந்தத்தை மீறினால்கூட, 74ஆவது பிரிவின்படி எழுதின தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடாது. நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதுதான். எழுதின தொகை அதன் உச்ச வரம்பு.

ஆனால் "எந்த பாண்டும் (வேலைப் பத்திரமும்) செல்லாது, தைரியமாகக் கிழித்துப் போடு" என்று ஃபார்வர்டு மெசேஜ் வந்தால் அதையும் நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 3 வருடம் வேலை பார்ப்பேன், நடுவில் போனால் 2 லட்சம் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதற்குள் வேறு வங்கிக்குப் போய்விட்டார். அந்த ஷரத்து செல்லும் என்றது நீதிமன்றம். காரணம், அது வெளியே போய் என்ன வேலை செய்யலாம் என்பதைத் தடுக்கவில்லை. இத்தனை நாள் இங்கே இரு, இல்லாவிட்டால் எங்களுக்கு ஆகும் ஆள்தேர்வுச் செலவுக்கு ஈடு கொடு என்கிறது. அது வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சம் இத்தனை வருடம் என்று எங்காவது எழுதியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். 7 வருடம் ஆகிவிட்டதால் அப்படி ஏதும் இருந்தாலும் அநேகமாகக் காலாவதியாகியிருக்கும்.

ஜெர்மனி செலவா? கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். பையரைப் பார்த்து ஆர்டர் பிடிக்கக் கூட்டிப்போனது உங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஆகாது, அவர்கள் வியாபாரம்.

இனி எனக்குக் கவலை தந்த விஷயங்களுக்கு வருகிறேன்.

செக். திருப்பூர், ஈரோடு பக்கம் பாண்டோடு வெற்று செக் வாங்கி வைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வக்கீலிடம் கேட்டுத்தான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பத்திரத்தை நம்ப முடியாது என்று அவர்களுக்கே தெரியும். பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டால் நிறுவனம்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். செக்கில் கதை தலைகீழ். கையெழுத்து உங்களுடையது என்றால், ஏதோ கடனுக்காகத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று சட்டமே முதலில் ஊகித்துக்கொள்ளும். தொகையும் தேதியும் வேறு யாரோ நிரப்பினார்கள் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் எதுவும் இல்லை, வேலைப் பத்திரத்துக்கு ஈடாக வாங்கி வைத்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். காட்டலாம், காட்டி ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் அது கிரிமினல் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் நிற்க வேண்டும். அந்த அலைச்சலைத்தான் தண்டனையாக நினைத்து செக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். செக் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்து அந்த இரண்டு நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "இன்ன தேதியில் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபோது, இன்ன நம்பருள்ள இரண்டு செக்குகளைத் தொகை எழுதாமல் பாதுகாப்புக்காக வாங்கினீர்கள். உங்களுக்கு நான் தர வேண்டிய பணம் ஏதுமில்லை. செக்குகளையும் என் டிகிரி அசல் சான்றிதழையும் திருப்பித் தரவும்" என்று நான்கு வரியில் ஒரு மெயில். அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். வங்கியில் அந்த இரண்டு நம்பருக்கும் ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். ஸ்டாப் பேமென்ட் போட்டுவிட்டால் வழக்கு வராது என்று சிலர் சொல்வார்கள். வரும். ஆனால் செக்கைப் போடுவதற்கு முன்பே நீங்கள் எழுதிய கடிதம் கையில் இருந்தால் வழக்கின் போக்கே மாறும்.

செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் வந்தபின் பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் அவகாசம். அந்த 15 நாளில் பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். "பொய் நோட்டீஸ்தானே" என்று அலமாரியில் போட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேரை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

டிகிரி சான்றிதழை அடகுப் பொருள் மாதிரி பூட்டி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. கேட்டும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் போலீஸ் புகார். பெரும்பாலும் நோட்டீஸ் போன வாரமே சான்றிதழ் வந்து சேர்ந்துவிடும். அதற்காகச் சண்டை போட யாருக்கும் ஆசையில்லை.

அடுத்தது ஜிமெயில். இதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் பகீர் என்றது.

180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியில் எவ்வளவு வேஸ்டேஜ் போகும், எந்த டையிங்கில் கருப்பு ஒரே மாதிரி வரும், எந்த பையருக்கு லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) மூன்று தரம் அனுப்பினால்தான் மனசு ஆறும், மழைக்காலத்தில் ஷிப்மென்ட்டுக்கு எத்தனை நாள் கூடுதலாக வைக்க வேண்டும் - இதெல்லாம் 7 வருடத்தில் நீங்கள் கற்றது. உங்கள் தொழில் அறிவு. அதை யாரும் கேட்டின் முன் நிறுத்திப் பறிமுதல் செய்ய முடியாது. ஆனால் யார்ன் என்ன விலைக்கு வாங்கினோம், நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் சி.எம்.டி.க்கும் (வெட்டித் தைத்து முடிக்கும் கூலிக்கும்) என்ன ரேட் கொடுத்தோம், அந்த பையருக்கு எத்தனை சதவீதம் மார்ஜின் வைத்தோம் என்று வரிவரியாக இருக்கும் எக்செல் ஷீட் அவர்களுடையது. அதைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆவது பிரிவுகளில் வந்து விழலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தது என்று நிரூபித்தால் 3 வருடம் வரை சிறை. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். "பின்னால் உதவும் என்று" என எனக்கு எழுதிய அதே வார்த்தையை நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

2006இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு தெரியும். ஒன்று, பெரிய வங்கி ஒன்றிலிருந்து விலகிய பெண் அதிகாரியின் வழக்கு. வாடிக்கையாளர்களைத் தெரியும் என்பதற்காகவே அவர் அவர்களோடு தொழில் பேசக்கூடாது என்று வங்கி கேட்டது. ரகசியம் என்ற பெயரில் ஒருவரின் நல்ல வேலைக்குப் போகும் உரிமையைக் கட்டிப்போட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இன்னொன்று, எங்கள் ஆட்களே சம்பந்தப்பட்டது. ஒரு வக்கீல் நிறுவனத்தில் இருந்த வக்கீல்கள், விலகும்போது அங்கிருந்த கோப்புகளையும் வாடிக்கையாளர் விவரங்களையும் கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். சட்டம் படித்தவர்கள்தான். அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று அவர்களுக்குத் தடை விழுந்தது.

உங்கள் பையர் யார் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டி-ஷர்ட் கழுத்திலேயே லேபிள் இருக்கிறது. அவருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் ரகசியம்.

அந்த மெயில்களை இன்று ராத்திரியே அழித்துவிடலாமா என்று தோன்றும். சத்தமில்லாமல் அழித்தால் திருடியதை மறைத்த மாதிரி ஆகிவிடும். நோட்டீஸ் காலத்தில் ஹேண்ட்ஓவர் செய்யும்போது, "என் சொந்த மெயிலில் இருந்த இன்னின்ன வேலை ஃபைல்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், என்னிடம் உள்ள நகலை அழித்துவிடுகிறேன்" என்று ஒரு மெயில் போட்டுவிட்டு அழியுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இந்த ஒரு மெயிலுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். எதையும் புது கம்பெனிக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், காட்டக்கூடக் காட்டாதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் அழிக்க வேண்டாம். வாட்ஸ்ஆப் குரூப்பில் உங்களுக்குப் பதிலாக வருகிறவரைச் சேர்த்துவிட்டு, பையரிடம் முறையாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

வெளியே வந்தபின் பழைய பையர் தானாகக் கூப்பிட்டால் பேசலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பேசலாம். ஆனால் முதல் சில மாதங்கள் நீங்களாகப் போய், "அங்கே கொடுக்கிற ஆர்டரை இங்கே கொடுங்கள்" என்று கேட்காமல் இருப்பது நல்லது. வாடிக்கையாளரை இழுப்பதைத் தடுக்கும் ஷரத்துகளில் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. புது கம்பெனியில் மார்க்கெட்டிங் ஆள் என்று ஒருவர் இருப்பார், அவர் பேசட்டும்.

மூன்றாவது, நோட்டீஸ் காலத்தில் காஸ்டிங் போட்டுத் தருவது. கண்டிப்பாகக் கூடாது. வேலையில் இருக்கிற கடைசி நாள் மாலை வரை நீங்கள் பழைய கம்பெனியின் ஆள். அந்தக் காலத்துக்கான தடை செல்லும், 27ஆவது பிரிவு துணைக்கு வராது.

1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில், டயருக்கான நூல் தயாரிக்கும் ஆலை. ஹாலந்து கம்பெனி ஒன்றிடம் தொழில்நுட்பம் வாங்கியிருந்தது. 5 வருட ஒப்பந்தத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்த இளைஞர், வேலையைக் கற்றுக்கொண்டு 1964இல் நடுவிலேயே கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த ஒப்பந்தக் காலம் முடிகிற வரை போட்டி ஆலையில் வேலை செய்யக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் தோற்றதற்குக் காரணம் போட்டி ஆலைக்குப் போனது மட்டுமல்ல, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே போனது. நீங்கள் நோட்டீஸ் காலத்தில் போடுகிற ஒரே ஒரு காஸ்டிங் ஷீட், ஜெயிக்க வேண்டிய வழக்கைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்துவிடும். தவிரவும், சேரும் முன்பே இதைச் செய்யச் சொல்கிற முதலாளி, உங்களை எதற்காக எடுக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. பழைய ரேட் தெரிந்ததும் உங்கள் மதிப்பு அவருக்குக் குறைந்துவிடக் கூடாது. "சேர்ந்த மறுநாளே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

பல வருடம் முன்பு ஒரு பேட்டர்ன் மாஸ்டர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருந்தது. அவருக்கும் 2 வருடத் தடைதான். "காலம் முடிந்துவிட்டது சார், இனி வேலைக்குப் போகலாம்தானே? தேதி சரியாகக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றார். அந்த 2 வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தாராபுரம் பக்கம் மாமனார் தோட்டத்தில் ஆடு மேய்த்தாராம். ஒரு சைஸ் செட்டை அரை நாளில் வரைந்து கொடுக்கிற கை. யாரும் அவர் மேல் வழக்குப் போடவில்லை, ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. பத்திரத்தைப் படித்தார், பயந்தார், வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேட்டர்ன் வந்துவிட்டது. திரும்ப வந்தவருக்குப் பழைய சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. நான் தேதி கணக்குப் போடவில்லை. அந்தக் காகிதம் முதல் நாளிலிருந்தே செல்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் சொல்லத்தான் செய்தேன். மனிதர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பத்திரத்தைத் திரும்ப நாலாக மடித்து அதே கவருக்குள் வைத்துக்கொண்டார்.

செல்லாத ஷரத்தை ஏன் எழுதுகிறார்கள் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். இதற்காகத்தான். வழக்குப் போட்டு ஜெயிக்க யாரும் அதை எழுதுவதில்லை. நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினால் எண்பது பேர் படித்துப் பயந்தே உட்கார்ந்துவிடுவார்கள், இன்கிரிமென்ட் கேட்கிற குரலும் தாழ்ந்துவிடும். உங்களுக்கு வெளியே 60,000 என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்காவில் இது இன்னும் மோசம். அங்கே பல மாநிலங்களில் இந்தத் தடை செல்லும். சாண்ட்விச் கடையில் வேலை செய்கிறவர்களிடம்கூட எழுதி வாங்கினார்கள். 2024இல் அவர்களுடைய வர்த்தக ஆணையம், ஐந்தில் ஒரு தொழிலாளி இப்படிக் கட்டப்பட்டிருக்கிறார் என்று கணக்குச் சொல்லி, நாடு முழுக்கத் தடைசெய்ய விதி கொண்டுவந்தது. டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று ஆகஸ்ட்டிலேயே அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் கலிபோர்னியாவில் 1872 முதலே இது செல்லாது. அதே வருடம்தான் நம் சட்டமும் வந்தது. தற்செயல் இல்லை, டேவிட் டட்லி ஃபீல்டு என்ற நியூயார்க் வக்கீல் எழுதிய வரைவிலிருந்துதான் இரண்டு இடத்துக்கும் அந்த வாசகம் போனது. அவர் வக்கீலாக இருந்த நியூயார்க்கே அந்த வரைவை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து கிளம்பி எதிர்க் கம்பெனியில் மறுநாள் உட்காரும் சிலிக்கான் பள்ளத்தாக்குக்காரருக்கு இருக்கிற அதே உரிமை, அவினாசி ரோட்டில் இருக்கிற உங்களுக்கும் உண்டு.

சரி, கிளம்பும் வழி. ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள், எங்கே போகிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. நோட்டீஸ் காலத்தை ஒரு நாள் குறையாமல் பாருங்கள். பாதியில் நின்றுவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் "சொல்லாமல் ஓடிவிட்டார்" என்ற கதை முதலில் ஊருக்குள் போய்விடும். ராஜினாமா கொடுத்த கையோடு திருப்பூர் கோர்ட்டில் வக்கீலிடம் ஒரு கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. 90 நாள் வரை, உங்களுக்குத் தெரியாமல் ஒருதலைப்பட்சமாக அவர்கள் ஸ்டே வாங்க முடியாது. எச்.ஆர். சொன்ன "ஸ்டே"க்கு இதுதான் பதில்.

பணம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். 7 வருடம் ஆனதால் கிராஜுவிட்டி உண்டு, அதற்கு 30 நாள். கணக்குச் சம்பளம் உங்கள் 42,000இல் பாதி, 21,000 என்று வைத்தால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 7 வருடத்துக்குச் சுமார் 84,800 ரூபாய் வரும். "பாண்டில் கழித்துக்கொண்டோம்" என்று சொல்லி அதில் கை வைக்க முடியாது. பி.எஃப்.பில் வெளியேறிய தேதியை அவர்கள் போடாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம்.

புது கம்பெனியிடம் பழைய பத்திரத்தை மறைக்காதீர்கள். நகலைக் காட்டிவிடுங்கள். பழைய கம்பெனி அவர்களுக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். முன்பே தெரிந்திருந்தால் பயந்து ஆஃபரைத் திரும்ப வாங்க மாட்டார்கள். முடிந்தால், "இதனால் வரும் வழக்குச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தர மறுத்தாலும் கேட்டது நல்லதுதான்.

இன்னொன்று. புது கம்பெனி சேருகிற அன்று ஒரு கட்டுக் காகிதம் நீட்டும். பதினெட்டாவது இருபதாவது பக்கத்தில் இதே ஷரத்து, அநேகமாக இதே வார்த்தைகளில் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று கேளுங்கள். தடை ஷரத்தைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். ரகசியம் காப்பேன் என்ற ஷரத்தை விட்டுவிடுங்கள், அது நியாயம். அடிக்க விடமாட்டோம் என்றால் போட்டுக் கொடுங்கள், 27ஆவது பிரிவு அங்கேயும் இருக்கும். செக் மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள்.